தனுஷ்கோடி மணலில் நடந்தவர்கள்

கண்டரமாணிக்கத்திலிருந்து இராமேசுவரம் போகிறவர்கள் அரிச்சல்முனைக் கடற்கரையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த மணலுக்கு இன்னொரு வரலாறு உண்டு.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள், மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே கப்பல் ஏறினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். சாதியும் பஞ்சமும் கடனும் துரத்தியவர்கள். அதே வழியாக லேவாதேவிக்குப் போன செட்டியார்களின் கதையை நம் பகுதி மாளிகைகள் இன்றும் சொல்கின்றன. மலைக்காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் கதையைச் சொல்ல இங்கே ஒரு சுவர்கூட இல்லை.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் புயல் வந்தது. தனுஷ்கோடித் துறை அழிந்தது. திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள்.

புயலுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. இவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம். உங்கள் தெருவில் தோட்டத்திலிருந்து திரும்பிய பாட்டி இருந்தால், இந்த விடுமுறையில் அவர் சொல்வதை எழுதி வையுங்கள். பிறகு கடற்கரைக்குப் போகலாம்.