கவுள் முதல் சுரப்பி வரை: தமிழில் முக உடற்கூற்றுச் சொற்கள்

முன்னுரை

பாதாதிகேசம், கேசாதிபாதம் ஆகிய சிற்றிலக்கிய வகைகள் உறுப்புகளை வரிசைப்படுத்தி உவமிப்பன. அவை காட்டுவது தோலின் மேற்புறத்தை. தோலின் அடியிலுள்ளவை தமிழில் பெயர்பெற்ற வரலாற்றை, உமிழ்நீர்ச் சுரப்பிகள் அமைந்த கன்னப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபுச் சொற்கள்

கன்னத்தைச் சுட்டும் 'கவுள்' சங்கப் பாடல்களில் யானையின் மதநீர் வழியும் இடமாகப் பயின்று வருகிறது. 'கதுப்பு' அங்குப் பெரும்பாலும் கூந்தலைக் குறிக்கும். பிற்கால வழக்கில் கன்னத்தைக் குறிக்கும். திருக்குறள் (1121) காதலியின் பல்லிடத்து ஊறும் நீரைப் பாலும் தேனும் கலந்த சுவைக்கு ஒப்பிடுகிறது. இவ்விடங்களில் கசியும் நீர் பேசப்படுகிறது. அதைத் தரும் உறுப்பு பேசப்படவில்லை. இதைக் கொண்டு புலவர் உடற்கூறு அறியாதவர் எனல் பொருந்தாது. பாடலின் நோக்கம் வேறு.

மக்கள் வழக்கும் புறத்தோற்றத்தையே பற்றி நின்றது. செவியருகுச் சுரப்பி வீங்கும் நோயைத் தமிழகத்தார் 'பொன்னுக்கு வீங்கி' என்றனர். பொற்சங்கிலி அணிவித்தால் வீக்கம் வடியும் என நம்பினர். ஈழத்தார் அதனைக் 'கூகைக்கட்டு' என்பர்.

உட்புறம் அறிந்த வரலாறு

தாடையடிச் சுரப்பியின் நாளத்தை இங்கிலாந்தின் தாமஸ் வார்ட்டன் 1656இல் விளக்கினார். செவியருகுச் சுரப்பியின் நாளத்தை டென்மார்க்கினரான நீல்ஸ் ஸ்டென்சன் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத்தலையொன்றை அறுத்தாய்ந்தபோது கண்டார். அந்நாளம் மேற்றாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. முகநரம்பு இச்சுரப்பியின் ஊடே சென்று ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அறுவையில் அந்நரம்பு சிதைந்தால் கண் மூடாது. வாய் ஒருபுறம் கோணும்.

கிறீனின் பணி

இவ்வறிவைத் தமிழில் கற்பிக்க முனைந்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். மாணவர் துணையுடன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் உடற்கூற்றியல் பற்றியது 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்'. இப்பெயர் கேசாதிபாதத்தை நினைவூட்டுவது. உறுப்புகளை முறைப்பட எண்ணும் பழைய மரபு, புதிய அறிவியலுக்கு ஏற்ற பெயரோசையைத் தந்தது எனக் கொள்ள இடமுண்டு. கலைச்சொல்லாக்கத்தில் முதலில் தமிழையும், அடுத்து வடமொழியையும் நாடி, இரண்டிலும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்ப்பது அவர்தம் நெறி. 1873இல் அவர் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை.

முடிவுரை

ஆங்கில மருத்துவம் செவியருகுச் சுரப்பிக்கு வழங்கும் கிரேக்கவழிப் பெயரின் பொருளும் 'செவியருகில் உள்ளது' என்பதே. கிரேக்கர் வீட்டு மொழியில் அமைந்த பெயர் நமக்கு மட்டும் அயற்சொல்லாகவே இருக்க வேண்டுவதில்லை. ஊற்றும் ஆவின் மடியும் சுரப்பதை அறிந்தவர்க்குச் 'சுரப்பி' விளக்கம் வேண்டாத சொல். கன்னத்தில் அறுவைக்கு இசைவு தரும் நோயாளி, தம் முகம் கோணக்கூடும் என்பதைத் தம் மொழியில் அறிந்தே இசைய வேண்டும். கலைச்சொல்லின் பயன் அங்கே உறுதிப்படுகிறது. கிறீன் நூல்களின் சொற்களைத் தொகுத்து இன்றைய மருத்துவத் தமிழோடு ஒப்பிடுவது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.