காவல் ஏட்டில் ஏறிய பெயர்கள்

ஆலந்தலைக் கடலோரத்துக்குக் கண்காணிப்பு புதிதன்று. முத்துக் குளிப்புக் காலங்களில், எடுத்த சிப்பியில் பெரும்பங்கு சர்க்காருக்கு உரியதாயிருந்தமையால், படகுகள் கரை சேர்ந்து சிப்பிகள் எண்ணப்படும் வரை குளியாளர் மீது காவல் இருந்தது. எனினும் அது தொழிலின்மீது வைத்த காவல். பருவம் முடிந்ததும் அதுவும் முடிந்தது.

பிறப்பின்மீது வைத்த காவல் வேறு. அதற்குப் பருவம் இல்லை. வடஇந்தியாவில் 1871இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்த ஆண், திருடினானா இல்லையா என்ற கேள்வியே இன்றிக் கைரேகை பதிக்க வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். பல ஊர்களில் இரவு தோறும் சாவடியில் சென்று படுக்கவும் வேண்டியிருந்தது. மனைவி மக்களோடு தன் வீட்டில் உறங்குவதையே ஓர் அரசு மறுத்தது என்பதை இளைஞர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றத் தடுப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கள்ளர், மறவர், குறவர் ஆகியோரைப் பற்றியே இவ்வரலாறு பெரிதும் பேசப்படுகிறது. ரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். ஆனால் தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையரும் அப்பட்டியலில் இருந்தனர் என்பதை நம்மவரே பலர் அறியார். ஊர் வழக்கில் நம்மை விலக்கி நிறுத்தியவர்களும் அதே பட்டியலில் இருந்தார்களே என்று நாம் மகிழ்வதற்கில்லை. சாதியைக் கொண்டு மனிதனை அளக்கும் கோல் யார்மீது விழுந்தாலும் அது நமக்குப் பகையான கோலே.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் அச்சட்டம் நீங்கிற்று. ஆயினும் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கு வந்துவிட்டது. காவல் நிலையத்துக் கேடிப் பட்டியலும் நிலைத்தது. சட்டம் போயிற்று, ஏடு போகவில்லை.

அந்த ஏட்டை நீதிமன்றத்தில் நிறுத்தியவர் உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங். நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டுவது செல்லாது என 1962இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பாராவ் உள்ளிட்ட சிறுபான்மை நீதிபதிகள் அதற்கு உடன்படவில்லை. 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன! பின்னர் 2024 மே மாதம், பட்டியலினத்தார் உள்ளிட்ட நலிந்த மக்களுள் குற்றமற்றோர் பெயர் சாதிக் காழ்ப்பினால் சரித்திரப் பதிவேட்டில் ஏறாதபடி மாநிலங்கள் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் அறிவுறுத்திற்று.

கண்காணிப்பே வேண்டாம் என்பதன்று நம் கட்சி. அண்ணல் அம்பேத்கர் சிலைக்கும் நம் குடியிருப்புக்கும் ஊறு செய்வோரைக் கண்டறியக் காமிரா வேண்டுமென்று நாமே கேட்கிறோம். தெருவைப் பார்க்கும் கண் காவல் நிலையத்துக்குள்ளும் பார்க்கிறதா என்பதே நம் கேள்வி. நமக்கு அண்டையிலுள்ள சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் வதைபட்டு மாண்டனர். அந்நிலையத்தில் காமிரா இருந்தது. பதிவைச் சேமிக்கப் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியுமாறு அது அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் தெரிவித்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதியும் காமிராக்களைப் பொருத்தவும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், இயலாவிடில் ஓராண்டேனும் காக்கவும் ஆணையிட்டது. காமிரா இருப்பதையும், மனித உரிமை மீறப்பட்டோர் அப்பதிவைப் பாதுகாக்கச் செய்யும் உரிமை உடையோர் என்பதையும் நிலையத்தின் வாயிலிலும் உள்ளேயும் பெரிய எழுத்தில், வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் உண்டு. காவல் நிலையம் செல்ல நேரும் நம் இளைஞர்கள் அந்த அறிவிப்பு எங்கே என்று கேட்கலாம்.