பிரையன் லிமா

பிரையன் லிமா (பிறப்பு: 25 ஜனவரி 1972, ஆப்பியா) சமோவா நாட்டின் ரக்பி யூனியன் ஆட்டக்காரர், பின்னாளில் பயிற்சியாளர். 1991, 1995, 1999, 2003, 2007 என ஐந்து உலகக் கோப்பைகளில் களமிறங்கிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். விங், சென்டர் ஆகிய இரு நிலைகளிலும் ஆடினார். சமோவாவுக்காக 60-க்கும் மேற்பட்ட டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான) ஆட்டங்களில் பங்கேற்றார். உலகக் கோப்பையில் மட்டும் 10 டிரை (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) அடித்திருக்கிறார். எதிராளியைத் தடுத்து வீழ்த்தும் வேகத்தைப் பார்த்து ரசிகர்கள் அவரை 'கைரோபிராக்டர்' என்று அழைத்தார்கள். மூட்டுகளையும் முதுகெலும்பையும் கையால் நகர்த்திச் சரிசெய்யும் சிகிச்சையாளரைக் குறிக்கும் பெயர் அது. லிமாவிடம் மாட்டியவரின் எலும்புகள் இடம் மாறிவிடும் என்பது பொருள். 2011-இல் சர்வதேச ரக்பி வாரியத்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அந்தப் பட்டப்பெயர்தான் இன்றும் அவரை முந்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் லிமாவின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. ரக்பி பணம் வாங்காத ஆட்டமாக இருந்து கோடிகள் புரளும் தொழிலாக மாறிய பதினாறு ஆண்டுகளில், கையில் காசில்லாத ஒரு சிறு தீவு நாட்டின் சட்டையை அவர் விடாமல் அணிந்துவந்தார். சமோவா ரக்பியின் எழுச்சியையும் சரிவையும் அவருடைய ஐந்து உலகக் கோப்பைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

சமோவாவில் ரக்பி

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நியூசிலாந்துக்கு வடகிழக்கில் உள்ள தீவுக் கூட்டம் சமோவா. 1997 வரை மேற்குச் சமோவா என்று வழங்கியது. லிமா ஆடத் தொடங்கிய காலத்தில் மக்கள்தொகை சுமார் 1,60,000. கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்திய மாரிஸ்ட் சகோதரர்கள் 1920 வாக்கில் இந்த ஆட்டத்தைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். 1924 ஆகஸ்டில் ஆப்பியாவில் ஃபிஜிக்கு எதிராக நடந்ததே நாட்டின் முதல் டெஸ்ட் ஆட்டம். சமோவா ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போக வேண்டும், ஃபிஜி அணி கப்பலேறித் தொங்காவுக்குப் போக வேண்டும் என்பதால் காலை 7 மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மைதானத்தின் நடுக்கோட்டருகே ஒரு பெரிய மரமும் நின்றிருந்தது. ஃபிஜி 6–0 என வென்றது.

தேசிய அணிக்கு மனு சமோவா என்று பெயர். ஆட்டத்துக்கு முன் வரிசையாக நின்று சிவா தௌ என்னும் போர் நடனம் ஆடுவது அவர்கள் வழக்கம். 1987-இல் முதல் உலகக் கோப்பைக்கு ஃபிஜியையும் தொங்காவையும் அழைத்தார்கள், சமோவாவை அழைக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பு தீவில் ஆறாத மனக்குறையாக இருந்தது. 1990-இல் டோக்கியோவில் நடந்த தகுதிச் சுற்றில் வென்று, சமோவா அடுத்த கோப்பைக்குத் தன் காலிலேயே நடந்து போய்ச் சேர்ந்தது.

1991: கார்டிஃப்

லிமா 1991-இல் தொங்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். சில மாதங்களில் உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்தார். அப்போது வயது 19. அந்தத் தொடரிலேயே மிக இளையவர் அவர். அணித் தலைவர் பீட்டர் ஃபாதியலோஃபா ஆக்லாந்தில் வீடுகளுக்குப் பியானோ தூக்கிக் கொண்டுபோய் வைக்கும் தொழில் செய்தவர். சட்டப்படி ரக்பி அன்று பொழுதுபோக்கு ஆட்டம். ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. அணியில் பலர் நியூசிலாந்தில் வளர்ந்தவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள். லிமாவோ ஆப்பியாவில் பிறந்தவர்.

அக்டோபர் 6 அன்று கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் வேல்ஸை சமோவா 16–13 என வென்றது. டோ வாயெங்காவும் சிலா வைஃபாலேயும் டிரை அடித்தார்கள். மற்ற புள்ளிகளை மேத்யூ வாயெயா உதைத்துச் சேர்த்தார். வாயெங்காவின் டிரையில் பந்தை முதலில் தொட்டவர் வேல்ஸ் ஆட்டக்காரர் ராபர்ட் ஜோன்ஸ்தான் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தைத் தீர்மானித்தது டேக்கிள்தான். மார்பளவில் தோளைக் கொடுத்து எதிராளியை நின்ற இடத்திலேயே மடக்கும் சமோவாவின் தடுப்பை ஐரோப்பிய அணிகள் அதுவரை இந்த அளவில் சந்தித்ததில்லை. வேல்ஸ் ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயத்தோடு வெளியேறினார்கள். நல்ல வேளை, எதிரே வந்தது முழுச் சமோவா அல்ல, மேற்குச் சமோவா மட்டும்தான் என்ற பேச்சு அன்று பிறந்து, இன்றும் வேல்ஸில் வழங்குகிறது.

அடுத்து பான்டிபூலில் ஆஸ்திரேலியாவிடம் 9–3 என்று தோற்றார்கள். இரு அணியும் ஒரு டிரைகூட அடிக்காத ஆட்டம் அது; அந்த ஆஸ்திரேலியாதான் பிறகு கோப்பையை வென்றது. அர்ஜென்டினாவை 35–12 என வீழ்த்தி சமோவா காலிறுதிக்குப் போனது. அங்கே ஸ்காட்லாந்து 28–6 என நிறுத்தியது. வேல்ஸ் தன் சொந்த மண்ணில் குழுச் சுற்றோடு வெளியேறி, 1995 கோப்பைக்குத் தகுதிச் சுற்று ஆட வேண்டிய நிலைக்கு வந்தது.

அந்த 1991 அணியில் ஆடிய ஃபிராங்க் பன்ஸும் ஸ்டீவன் பச்சாப்பும் விரைவில் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டைக்கு மாறினார்கள். அன்றைய விதி அதை அனுமதித்தது. குடும்பம், வேலை, எதிர்காலம் எல்லாம் நியூசிலாந்தில் இருந்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒரு சிறு நாடு தன் சிறந்த சென்டரையும், ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை-ஹாஃபையும் ஒரே மூச்சில் இழந்தது. அந்த வெற்றிடத்துக்கு நடுவில்தான் லிமா மனு சமோவாவின் நிரந்தர ஆட்டக்காரராக வளர்ந்தார்.

தொழில்முறைக் காலம்

1995 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் இத்தாலியை 42–18 எனவும் அர்ஜென்டினாவை 32–26 எனவும் வென்று சமோவா மீண்டும் காலிறுதிக்குப் போனது. எல்லிஸ் பார்க்கில் தென்னாப்பிரிக்கா 42–14 என வென்றது. செஸ்டர் வில்லியம்ஸ் தனி ஆளாக நான்கு டிரை அடித்தார்.

கோப்பை முடிந்த சில வாரங்களில், அதே ஆண்டு ஆகஸ்டில், பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று அறிவித்தது. அதன் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றும் தொலைக்காட்சி ஒப்பந்தத்தோடு 1996-இல் சூப்பர் 12 போட்டியைத் தொடங்கின. அதற்கு முந்தைய சூப்பர் 10-இல் இடம்பெற்றிருந்த சமோவாவுக்கு இதில் இடமில்லை. இரண்டு உலகக் கோப்பைகளில் தொடர்ந்து காலிறுதி ஆடிய நாட்டைத்தான் இப்படி வெளியே நிறுத்தினார்கள். ரக்பி நிர்வாகம் பசிபிக் தீவுகளுக்குச் செய்த அநீதிகளில் இதுவே பெரியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பசிபிக் தீவினருக்கென ஓர் அணி, மோவானா பசிஃபிகா, சூப்பர் ரக்பிக்குள் வர 2022 ஆயிற்று.

உள்ளூரில் சம்பளம் தரும் கழகம் எதுவும் இல்லாததால், பிழைப்புக்கு ஆட நினைத்த ஒவ்வொரு சமோவா ஆட்டக்காரரும் விமானமேற வேண்டியிருந்தது. லிமா நியூசிலாந்தில் ஆக்லாந்து மாகாணத்துக்கு ஆடினார். பிறகு ஜப்பானில் ஆடினார். இறுதியாக இங்கிலாந்தின் பிரிஸ்டல் கழகத்தில் சேர்ந்தார். சம்பளம் தருவது கழகம். தேசிய அணி தருவது பெயரளவுக்கான படி. தீவு ஆட்டக்காரர்கள் நாட்டுக்காக ஆடப் போவதைக் கழகங்கள் பல விரும்புவதில்லை. போகாமல் இருந்தால் நல்ல ஒப்பந்தம் என்று ஆசை காட்டுவதும் உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை, தவறாமல், ஐந்து தடவை ஒருவர் தேசிய அணிக்கு வந்து நின்றார் என்பதன் எடை இந்தப் பின்னணியில்தான் புரியும்.

1999 உலகக் கோப்பையில் சமோவா கார்டிஃபுக்கே திரும்பியது. ஆர்ம்ஸ் பார்க்கின் பழைய அரங்கு இருந்த இடத்தில் எழுந்த புதிய மில்லேனியம் அரங்கில், தொடர்ந்து பத்து வெற்றி பெற்றிருந்த வேல்ஸை சமோவா 38–31 எனத் தோற்கடித்தது. அன்று வேல்ஸின் நீல் ஜென்கின்ஸ் சர்வதேச ஆட்டங்களில் அதிகப் புள்ளி குவித்தவர் என்ற உலகச் சாதனையைப் படைத்தார். ஆனாலும் ஆட்டம் சமோவாவுக்கே. அணித் தலைவர் பேட் லாம் எதிரணியின் பந்தை இடைமறித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடி டிரை அடித்தார். நியூசிலாந்திலிருந்து திரும்பி வந்திருந்த பச்சாப் இரண்டு டிரை அடித்தார். 1991, 1999 ஆகிய இரு வெற்றிகளிலும் விங்கில் ஆடியவர் லிமா. காலிறுதிக்கான தகுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து 35–20 என வென்றது.

ஹௌகார்ட் மீதான டேக்கிள்

2003 ஆஸ்திரேலிய உலகக் கோப்பையில் சமோவா ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் மெல்பர்னில் இங்கிலாந்தோடு நடந்தது. தொடக்கத்தில் பந்தைக் கை மாற்றி மாற்றி முன்னேறிப் போய், அணித் தலைவர் செமோ சிதிதி அடித்த டிரை அந்தத் தொடரின் அழகான காட்சிகளில் ஒன்று. இடைவேளையில் சமோவாவே முன்னிலையில் இருந்தது. இங்கிலாந்து இறுதியில் 35–22 என வென்று, பிறகு கோப்பையையும் வென்றது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்து சிறிது நேரம் 16 பேரை மைதானத்தில் நிறுத்தியதற்காக 10,000 பவுண்டு அபராதம் கட்டியது.

உலகம் நினைவில் வைத்திருப்பதோ அடுத்த ஆட்டத்தை. நவம்பர் 1 அன்று பிரிஸ்பேனில் தென்னாப்பிரிக்காவிடம் சமோவா 60–10 எனத் தோற்ற ஆட்டம் அது. தென்னாப்பிரிக்க ஃப்ளை-ஹாஃப் டெரிக் ஹௌகார்டுக்கு ஒரு பாஸ் வந்தது. கைகளை நீட்டிப் பந்தைப் பிடிக்கும் நொடியில் அவருடைய விலாப்பகுதி முழுவதும் திறந்து கிடந்தது. கண் பந்தின் மேல் இருந்தது. பக்கவாட்டிலிருந்து முழு ஓட்டத்தில் வந்த லிமா தோளைக் கொடுத்தார். பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தொலைக்காட்சியில் அரங்கத்தின் மூச்சிழுப்பு கேட்கிறது. இருவருமே தரையில் கிடந்தார்கள். ஹௌகார்ட் எழுந்து தொடர்ந்து ஆடினார் என்பதை அவருடைய துணிவுக்குச் சான்றாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காணொளியை இன்று பார்ப்பவருக்கு வேறு எண்ணமும் வரும். தலையில் படும் அடி மூளையை என்ன செய்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. அதே 2003 கோப்பையை இங்கிலாந்துக்காக வென்ற முன்வரிசை ஆட்டக்காரர் ஸ்டீவ் தாம்ப்சன், தாம் வென்றதே நினைவில் இல்லை என்று 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017 முதல் தோளுக்கு மேல் படும் டேக்கிளுக்குத் தண்டனை கடுமையாகிவிட்டது. லிமாவின் பாணியில் ஆடும் ஒருவர் இப்போது அடிக்கடி சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அந்த மாற்றம் சரியானதே. ஆனால் லிமா ஆடியது தம் காலத்து விதிகளுக்குள். அவருடைய கலை எலும்பு முறிப்பதில் இல்லை, நேரம் கணிப்பதில் இருந்தது. பந்து கைக்கு வரும் கணத்தில் அங்கே போய்ச் சேர்வதற்கு, பாஸ் கிளம்புமுன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.

கடைசிக் கோப்பை

2007-இல் பிரான்சுக்குப் போனபோது லிமாவுக்கு வயது 35. பயிற்சியாளர், முன்னாள் நியூசிலாந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோன்ஸ். அணி தென்னாப்பிரிக்காவிடம் 59–7 என்றும் தொங்காவிடம் 19–15 என்றும் தோற்றிருந்தது. நான்ட் நகரில் இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்தில் ஜானி வில்கின்சன் மீது லிமா செய்த உயரமான டேக்கிள் விசாரணைக்குப் போனது; அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அதனால் அமெரிக்காவை சமோவா 25–21 என வென்ற கடைசிக் குழு ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. அவருடைய சர்வதேச வாழ்க்கை அப்படி, மைதானத்துக்கு வெளியே முடிந்தது. அவ்வளவு நீண்ட உழைப்புக்கு அது பொருத்தமான முடிவு அல்ல.

பின்னாளில்

சமோவாவில் குடும்பத் தலைமையைக் குறிக்கும் மதாய் பட்டம் பெரிய மரியாதை. லிமா முலியாங்காதெலே என்ற பட்டத்தைத் தாங்குபவர். சமோவாவின் எழுவர் ரக்பி அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். அவருடைய பொறுப்பில் அந்த அணி 2022 டிசம்பரில் கேப் டவுன் போட்டியை வென்றது. 2016-இல் பாரிஸில் வென்றதற்குப் பின் உலகத் தொடரில் அதற்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

அவர் ஆடிய அணியின் நிலை மட்டும் அவ்வளவாக மாறவில்லை. நியூசிலாந்தின் முதன்மை அணி சமோவா மண்ணில் முதன்முறையாக ஒரு டெஸ்ட் ஆடியது 2015 ஜூலையில்தான். 2017-இல் சமோவா ரக்பி சங்கம் திவாலாகிவிட்டதாக, அதன் தலைவராகவும் இருந்த பிரதமர் துய்லாயெபாவே அறிவித்தார்.

ஐந்து உலகக் கோப்பைச் சாதனையைப் பிறகு இத்தாலியின் மௌரோ பெர்கமாஸ்கோ 2015-இலும் செர்ஜியோ பரிசே 2019-இலும் எட்டினார்கள். ஆண்டுதோறும் ஆறு நாடுகள் தொடரில் ஆடும் பணக்கார ஐரோப்பிய அணி அது. ஆனால் உலகக் கோப்பைக் காலிறுதியை இத்தாலி இதுவரை கண்டதில்லை. லிமா இரண்டில் ஆடியிருக்கிறார்.