தமிழும் ஜப்பானிய மொழியும்: ஒப்புமை உறவாகுமா?

மலாயாத் தமிழருள் பெரும்பாலோர் ஜப்பானிய மொழியை முதன்முதலாகக் கேட்டது படைவீரர் வாயிலிருந்துதான். 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பள்ளிகளில் நிப்பொங்கோ என்னும் பெயரால் அவர்தம் மொழி கற்பிக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றபோது, சென்றவருள் மிகப் பலர் உயிரோடு இல்லை.

இப்பழங்கதையை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியியல் பயில விழைந்தாள். "எங்கப்பாவைக் கொண்டுபோனவன் பாஷை உனக்கு எதுக்கு?" என்று சினந்தார் அவளுடைய பாட்டி. "அது நம் தமிழிலிருந்து போன மொழிதானே; தாராளமாகப் படி" என்றார் மாமா. பாட்டியின் சினத்துக்கு நான் தலை வணங்குகிறேன். மாமாவின் மகிழ்ச்சியைத்தான் ஆராய வேண்டியுள்ளது.

அம்மகிழ்ச்சிக்கு மூலமானவர் சுசுமு ஓனோ (1919–2008). டோக்கியோ காகுஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய இவர், பழைய ஜப்பானிய மொழியில் பெரும்புலமை வாய்ந்தவர். தம் மொழியின் பிறப்பைத் தேடிப் பல திசைகளில் சென்றவர், இறுதியில் தமிழிடம் வந்து நின்றார். 1981இல் ஜப்பானிய மொழியையும் தமிழையும் ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருக்கு ஆய்வுத் துணையாயினர். நெல் வேளாண்மையும் உலோகமும் நெசவும் ஜப்பானை அடைந்த பழங்காலத்தில் தமிழும் உடன் சென்றது என்பது ஓனோவின் கொள்கை. சுமார் ஐந்நூறு சொல் இணைகளையும் அவர் திரட்டிக் காட்டினார். நம் 'அவல'மும் அவர்களுடைய 'அவாரே'யும் அவற்றுள் ஒன்று.

இலக்கண ஒப்புமையோ இதனினும் வியப்பளிப்பது. இரு மொழிகளிலும் வினை இறுதியில் நிற்கும். உருபு பெயரின் பின் வரும். நம் உம்மையை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் இதற்கு எட்டுப் பொருள் வகுத்தார். ஜப்பானியத்தில் இதன் இடத்தில் நிற்பது 'மோ'. 'வதாஷி மோ' என்றால் நானும், இஃது எச்சவும்மை. 'தாரே' என்றால் யார், 'தாரே மோ கொனாய்' என்றால் யாரும் வரார், இது முற்றும்மை. 'அமே கா ஃபுத்தே மோ' என்றால் மழை பெய்தாலும். மூன்று இடத்திலும் நாம் 'உம்' இடுகிறோம். அவர்கள் 'மோ' இடுகிறார்கள். இதைக் காணும் தமிழாசிரியர் எவருக்குத்தான் உள்ளம் துள்ளாது?

ஆனால் துள்ளும் முன் நம் அண்டை வீட்டை எட்டிப் பார்ப்போமாக. மலாய் மொழியில் 'சாயா புன்' என்றால் நானும். 'சியாப்பா' என்றால் யார். 'சியாப்பா புன் திடாக் டாத்தாங்' என்றால் யாரும் வரவில்லை. 'வாலாவ்புன்' என்றால் ஆயினும். 'உம்' செய்யும் அதே மூன்று வேலையையும் இந்தப் 'புன்' செய்கிறது! இதனைக் கொண்டு மலாய் தமிழின் தங்கை என்று எவரும் கூறார். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் நாள்தோறும் இதனைக் கேட்டும் நாம் வியந்ததில்லை. மனித மனம் எண்ணும் வழிகள் சில. அவ்வழிகளில் தொடர்பற்ற மொழிகளும் ஒன்றையொன்று சந்திக்கும்.

அப்படியாயின் உறவுக்குச் சான்று யாது? ஒழுங்கான ஒலித் தொடர்பே சான்று. தமிழ்ப் பால் கன்னடத்தில் ஹாலு; பல் ஹல்லு; பள்ளி ஹள்ளி; பாடு ஹாடு. இவ்வாறு ஒரே விதி, அடிப்படைச் சொற்கள் பலவற்றில், பொருள் பிறழாமல் செல்லக் காண்கிறோம். இத்தகைய விதிகள் பல சேர்ந்தே உறவை நிறுவுகின்றன. தனித்ததொரு திரிபு போதாது. ஜப்பானியத்திலும் பண்டைப் பகரம் ஹகரமாயிற்று. இன்று 'ஹனா' எனப்படும் மலர், ரியூக்யூத் தென்தீவு வழக்குகளில் இன்னும் 'பனா'வாகவே உள்ளது. கன்னடரும் ஜப்பானியரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே வழியில் நடந்தனர்!

ஓனோவும் இம்முறையை அறியாதவர் அல்லர். ஒலி விதிகளைக் காட்டவே முயன்றார். எனினும் முராயாமா சிச்சிரோ முதலிய ஜப்பானிய அறிஞர் அவற்றைக் கடுமையாக மறுத்தனர். இன்றும் மொழியியலாருள் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. இதனால் ஓனோவின் புலமைக்கு இழுக்கில்லை. 1856இல் திராவிட மொழிக் குடும்பத்தின் ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல், அக்குடும்பத்தைச் சித்தியக் குழுவோடும் இணைக்க முயன்றார். இரண்டாவது நிற்கவில்லை, முதலாவது மலைபோல் நிற்கிறது. ஆசிரியரைப் போற்றுவது வேறு. அவர் கூற்றைச் சோதிப்பது வேறு. நம் பள்ளிகளில் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். சோதியாத பெருமையை மாணவர் தலையில் ஏற்றி அனுப்பினால், பல்கலைக்கழகத்தின் முதல் வினாவிலேயே அது சரியும். அதனோடு தமிழ்ப் பற்றும் சரியுமோ என்பதே என் அச்சம்.

அவ்வாறாயின் ஜப்பானிய மொழியைப் பயில்வது எதற்கு? நொபொரு கராஷிமா (1933–2015) என்னும் ஜப்பானிய வரலாற்றறிஞரை நினைக்க. தமிழ் தம் மொழிக்கு உறவு என்று எண்ணி அவர் தமிழ் கற்றவர் அல்லர். சோழர் கல்வெட்டுகளைத் தாமே படித்து, நிலமும் ஊரும் வரியும் எவ்வாறிருந்தன என்று அறியக் கற்றார். நம் வரலாற்றை நமக்கே விளக்கினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் நிகழ்ந்தது இதே கோலாலம்பூரில் அன்றோ! கராஷிமா நமக்குச் செய்ததை அவர் மொழிக்கு நம்மவர் ஒருவர் செய்யலாகாதா?

அதற்கு வழியும் அருகிலேயே உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் மொழி நிலையமாகத் தோன்றி, 1996இல் மொழிகள், மொழியியல் புலமாக உயர்ந்த நிறுவனத்தில் ஜப்பானியமும் தமிழும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றுள்ளன.

மாணவி சேர்ந்துவிட்டாள். விடுமுறையில் வந்தவள் பாட்டியருகே அமர்ந்து, 'மோ'வையும் 'உம்'மையும் 'புன்'னையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினாளாம். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "அவனும் நம்மளை மாதிரிதான் 'யாரும் வரலை'ன்னு சொல்லுவானா?" என்று கேட்டாராம். மொழியியலின் முதல் வினா அதுவே. அதனைக் கேட்க உறவு வேண்டுவதில்லை.