நாங்குநேரி வட்டாரத்தில் குளிர்கால வானிலையும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள நாங்குநேரி வட்டாரத்தில் வாகனப் பட்டறைகளின் குளிர்கால வேலை குளிரால் வருவதில்லை, மழையால் வருகிறது. மழை மறைவுப் பகுதி என்பதால் ஆனி, ஆடிச் சாரல் இங்கே பெரிதாக எட்டாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் குளங்களையும் நிரப்பும், பட்டறைகளையும் நிரப்பும்.

கனடா, ரஷ்யா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. மைனஸ் 18 பாகை செல்சியஸ் குளிரில் ஈய அமில பேட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும். நாங்குநேரியில் பேட்டரியைக் கெடுப்பது சித்திரை, வைகாசி வெயில்.

மழைக்காலத்தில் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் இருசக்கர வாகனங்களே. செயின் துருப்பிடிக்கும், பிரேக் ஷூவில் சேறு ஏறும், வீல் பேரிங்கில் தண்ணீர் இறங்கும், ஒயரிங்கில் ஈரம் தங்கி ஹாரனும் விளக்கும் நின்றுபோகும். உதிரிபாகக் கடைகளில் வைப்பர் பிளேடு, பிளக், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ ஆகியவற்றின் தேவை கூடும். இதே பருவத்தில்தான் கார்த்திகை முதல் நாள் மாலையணியும் ஐயப்ப பக்தர்களின் பயணமும் தொடங்குகிறது. செங்கோட்டை வழியாக மலையேறும் வேன்களுக்குக் கிளட்ச், பிரேக் சோதனை தவிர்க்க முடியாதது. சபரிமலை முடித்துக் கன்னியாகுமரி செல்லும் வெளிமாநில வண்டிகளும் ஊரையொட்டிய தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடுகின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை இந்த வழக்கமான கணக்குகளையெல்லாம் குலைத்தது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செ.மீ., நாங்குநேரி வட்டத்தைச் சேர்ந்த மூலைக்கரைப்பட்டியில் 60 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் வீடுகளும் வண்டிகளும் மூழ்கின.

மூழ்கிய வண்டியில் செய்யக்கூடாத ஒரே காரியம் அதை உடனே ஸ்டார்ட் செய்வது. காற்றைப்போல் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. எனவே சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராட் வளையும், சில நேரம் எஞ்சின் பிளாக்கே உடையும். அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சினில் ஆபத்து இன்னும் அதிகம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிளக்கை எடுத்து நீரை வெளியேற்றி, ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். ஆயில் பால் நிறமாக வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

இந்தச் செயல்முறை கார்பரேட்டர் வண்டிகளுக்கு ஏறக்குறைய போதுமானதாக இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் இருசக்கர வாகனங்களிலும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன், சென்சார், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை வந்தன. பெட்டி நனைந்து பழுதானால் காயவைத்துச் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும், கோளாறைக் கண்டறியவும் ஸ்கேனர் தேவை. கைத்திறனை மட்டும் நம்பிய சிறு பட்டறைகளுக்கு இது கடுமையான மாற்றம். அவற்றுக்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்காவிட்டால் கிராமத்து வண்டி நகரத்துச் சர்வீஸ் மையத்துக்கே போக வேண்டியிருக்கும்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும், நீரில் நின்ற எஞ்சினை இயக்கிக் கெடுத்தால், எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பிரிவு இல்லாதவர்களின் கோரிக்கை பொதுவாக நிராகரிக்கப்படும்.

இந்தியாவின் பெரிய உதிரிபாகத் தொழில் குழுமங்களுள் ஒன்றுக்கும் இவ்வட்டாரமே பூர்விகம். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1911-இல் மதுரையில் தொடங்கிய அவரது தொழிலின் வழியில் பின்னாளில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் எழுந்தன. மழைக்கால வேலையில் அடிக்கடி கழற்றப்படும் செல்ஃப் மோட்டார், பிரேக் ஆகியவை இந்நிறுவனங்களின் முதன்மைத் தயாரிப்புகள்.