ஓர் அங்குல மெக்கானிக்குகள்

ஆறடி மனிதர் ஓர் அங்குலமாகச் சுருங்கும் 1:72 அளவில், 1936இல் பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் பெங்குயின் வரிசை பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானங்களை இனங்காணும் பயிற்சிக்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டு இதே அளவில் மர மாதிரிகளைச் செதுக்கச் செய்தது. விளையாட்டுச் சாமான் போருக்கே பயன்பட்டது. பின்னர் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் போர்விமான மாதிரி, விமான மாதிரி செய்வதை மலிவான பொழுதுபோக்காக்கியது. ஆனாலும் விமானம் பெரும்பாலும் அலமாரியில் தனியாகத்தான் நின்றது. 1970களில் மானோகிராம் என்ற மாதிரித் தயாரிப்பு நிறுவனம் தன் பெட்டிகளில், மாதிரிக் கலைஞர் ஷெப்பர்ட் பெய்ன் உருவாக்கிய காட்சியமைப்புகளை விளக்கும் வண்ணத்தாள்களை வைத்தது. திறந்த எஞ்சின் மூடி, சாய்த்த ஏணி, குண்டு ஏற்றும் தரைப் பணியாளர், புகைக்கறை, உரிந்த பெயின்ட் என விமானத்தைச் சுற்றியிருந்த உழைப்பும் மாதிரிக்குள் இடம்பிடித்தது.