பூட்டிய சைக்கிளும் கழன்ற விளக்கும்

சைக்கிள் களவு என்றதும் முழுச் சைக்கிளும் காணாமற் போவதையே எல்லோரும் நினைக்கின்றனர். பூட்டு பூட்டியபடி இருக்க, சைக்கிளின் உடம்பு கம்பத்தோடு நிற்க, சீற்றோ முன்சில்லோ விளக்கோ மட்டும் இல்லாமற் போவதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. அதற்காகப் பொலிசுக்குப் போவாரும் குறைவு. ஆனால் ஒல்லாந்தின் நகரங்களில் றெஸ்ரோரன்ட் குசினி வேலை முடித்து, கடைசி பஸ்சும் போன பின்னர் சைக்கிளில் வீடு திரும்பும் எம் போன்றோருக்கு இது சில்லறை விடயம் அல்ல. இந்தச் சில்லறைக் களவுக்கு ஏறத்தாழ நூறு வருட வரலாறு உண்டு. அதைத் தேடிப் போனால் களவெடுப்பவனை மட்டுமல்ல, சட்டம் இயற்றியவர்களையும் சாமான் செய்தவர்களையும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தகடு. முதலாம் உலகப் போருக்குப் பின் அரசின் வரவுசெலவில் விழுந்த துண்டை அடைக்க, கொலைன் நிதியமைச்சராக இருந்த காலத்தில், 1924 ஓகஸ்ட் 1 முதல் ஒல்லாந்தில் சைக்கிளுக்கு வரி வந்தது. வருடத்துக்கு 3 கில்டர். பின்னர் இரண்டரையாகக் குறைந்தது. தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டினால் ஒரு சிறிய உலோகத் தகடு கொடுப்பார்கள். அதைச் சைக்கிளில் தெரியும்படி பொருத்த வேண்டும். வருடம் மாறினால் தகடும் மாறும். எங்கள் ஊர்களிலும் பட்டினசபைகள் சைக்கிளுக்கு லைசென்ஸ் தகடு கொடுத்த காலம் ஒன்று இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஒல்லாந்தில் அன்று சைக்கிளில் போனவன் தொழிலாளி, போனவள் பணிப்பெண். அவர்களுக்கு 3 கில்டர் சிறிய தொகை அல்ல.

இங்கேதான் களவு புகுந்தது. சைக்கிளைக் களவெடுத்தவன் அதை ஒளிக்க வேண்டும், விற்க வேண்டும். தகட்டைக் களவெடுத்தவனுக்கு அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. சந்தையடியிலோ தொழிற்சாலை வாசலிலோ நிற்கும் சைக்கிளில் இருந்து கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிவிட்டால் அந்த வருட வரி கட்டியாயிற்று. பறிகொடுத்தவனோ வீதியில் மறிபட்டால் வரி கட்டாதவன் ஆகிவிடுவான். தகட்டைப் பிடித்து வைக்கும் தோலுறைகளும் பூட்டுப் பிடிகளும் கடைகளுக்கு வந்தன. பலர் சைக்கிளை நிறுத்தும்போது தகட்டைக் கழற்றித் தம்முடனேயே கொண்டு போயினர். மேற்சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தோரும் உண்டு. சைக்கிளுக்கு என்று செய்யப்பட்ட பொருள் மனிதரின் உடம்புக்கு ஏறியது அப்போதுதான்.

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு அரசு இலவசத் தகடு வழங்கியது. ஆனால் அதன் நடுவே வட்டமாக ஒரு துளை போட்டுக் கொடுத்தது. துளையுள்ள தகட்டோடு வருபவன் நிவாரணத்தில் வாழ்பவன் என்பது தூரத்திலேயே தெரியும். அகதி அட்டை, உணவுக் கூப்பன், முகாம் முகவரி என்று அடையாளங்களோடு வாழ்ந்து பழகிய எங்களுக்கு அந்தத் துளையின் அர்த்தத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் 1941 மே 1இல் இந்த வரி நீக்கப்பட்டது. அடுத்த வருடமே அதே ஆக்கிரமிப்பாளர் சைக்கிள்களையே பறிக்கத் தொடங்கினர். எஞ்சிய சைக்கிள்களுக்கு ரயர் கிடைக்காமல் மரத்தில் ரயர் செய்து ஓடினார்கள்.

தகடு சிறியது, ஆகவே கழன்றது. சில்லு கழன்ற கதை வேறு. இத்தாலியில் துல்லியோ கம்பன்யோலோ என்ற சைக்கிள் ஓட்டப் போட்டியாளர் 1927 நவம்பரில் ஒரு மலைப் போட்டியில் சில்லைக் கழற்ற முயன்றபோது, குளிரில் விரல்கள் விறைத்துப்போய்ச் சுரையைத் திருக முடியவில்லையாம். அந்த அவதியே அவரை ஒரு நெம்புகோலைச் செய்யத் தூண்டியது என்று சொல்லப்படுகிறது. சாவி வேண்டாம், ஒரு கையால் தட்டினால் சில்லு கழலும். 1930களில் அது போட்டிச் சைக்கிள்களுக்கு வந்தது. பல பத்தாண்டுகளின் பின் சாதாரண சைக்கிள்களுக்கும், முன்சில்லோடு நில்லாமல் சீற்றுக்கும் வந்து சேர்ந்தது. போட்டியாளனின் சைக்கிள் எப்போதும் அவன் கண்முன்னே நிற்பது. எங்களது சைக்கிளோ பத்து மணித்தியாலம் ரயில் நிலையத்தடியில் தனியே நிற்பது. உரியவனின் கைக்கு இலகுவானது அடுத்தவனின் கைக்கும் இலகுவாயிற்று.

பூட்டுச் செய்பவர்களும் இதைக் கண்டார்கள். அமெரிக்காவில் கிரிப்ரோனைற் என்னும் கம்பனியை ஆரம்பித்த மைக்கல் சேன் 1972இல் ஒரு பரீட்சை நடத்தினார். நியூயோர்க்கின் கிறீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு சைக்கிளைத் தமது புதிய இரும்புப் பூட்டால் கம்பத்தில் பூட்டி 30 நாட்கள் விட்டுவைத்தார். முடிவில் பூட்டு அசையவில்லை. சைக்கிளின் உடம்பும் அங்கேயே நின்றது. ஆனால் கழற்றக்கூடியவை எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. அது பூட்டின் வெற்றி என்று விளம்பரமாயிற்று. சைக்கிளில் வேலைக்குப் போக வேண்டியவன் அந்தப் பரீட்சையை வேறு விதமாகவே வாசிப்பான்.

இனி விளக்கு. பழைய சைக்கிள்களில் டைனமோ ரயரோடு உரசி ஓடும்; விளக்கு வயரோடும் ஆணியோடும் சைக்கிளுக்குச் சொந்தமாக இருந்தது. 1990க்குப் பின் மின்சாரமும் இல்லாமல், பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை விழுந்த யாழ்ப்பாணத்தில் அந்த டைனமோ என்ன வேலை செய்தது என்பதை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்டோம். விளக்கில்லாமல் போனால் பொலிஸ்காரன் வால்வுக்கட்டையைப் பிடுங்கிக் காற்றைத் திறந்துவிட்ட காலம் அதற்கும் முந்தியது. அதுவும் ஒருவகையில் சைக்கிள் பாகம் பறித்தல்தான். ஆனால் அன்று அதற்கான தண்டனை வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பதோடு முடிந்தது.

ஐரோப்பாவில் டைனமோவின் இடத்தைப் பற்றரியில் எரியும் சிறு விளக்குகள் மெல்ல மெல்லப் பிடித்தன. மலிவு, பாரமில்லை, றப்பர் பட்டியால் மாட்டினால் சரி. நிறுத்திவிட்டுப் போய் வந்து பார்த்தால் பட்டியும் இல்லை. 2008 நவம்பர் முதல் ஒல்லாந்துச் சட்டம் இந்தக் கழற்றக்கூடிய விளக்குகளை ஏற்றுக்கொண்டது. சைக்கிளில் இல்லாவிட்டால் உடுப்பில் மாட்டிக்கொண்டாலும் போதும் என்றது. தகட்டைச் சட்டையில் குத்திக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விளக்கை நெஞ்சில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். களவைத் தடுக்கும் பொறுப்பு இரண்டு தடவையும் சைக்கிளோட்டியின் உடம்பிலேயே வந்து தங்கியது.

இதற்கிடையில் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. 2005 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு மேற்பட்ட எவரும் பொலிஸ் கேட்டால் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். நினைத்தபடி எவரையும் மறித்துக் கேட்க முடியாது, கடமையின் பொருட்டு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் ஏற்பாடு. கேட்க நல்ல பாதுகாப்பாகவே இருக்கிறது. ஆனால் இரவு ஒரு மணிக்கு விளக்கில்லாமல் வரும் சைக்கிளை விடச் சுலபமான காரணம் எங்கே கிடைக்கும்? விசா உள்ளவனுக்கு ஒரு சோடி விளக்கின் விலையைப் போலப் பல மடங்கு அபராதம். அதைக் கட்டி ஆத்திரப்பட்டுவிட்டு மறந்துவிடலாம். வழக்கு நிராகரிக்கப்பட்டவனுக்கு அப்படி அல்ல. எங்களோடு பாத்திரம் கழுவிய ஒருவர் அப்படித்தான் மறிபட்டார். வேலைக்கு வரும்போது விளக்கு இருந்தது. முடிந்து போகும்போது இல்லை. பெயர் என்ன என்று ஆரம்பித்த விசாரணை தடுப்பு முகாமில் போய் முடிந்தது. மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவரது சைக்கிளை ஒருவரும் போய் எடுக்கவில்லை. போனால் தம்மிடமும் கேள்வி வரும் என்ற பயம்.

விளக்கை எடுத்தவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுடையதையும் யாரோ எடுத்திருக்கலாம்; அவனும் மறிபடப் பயந்திருக்கலாம். தகட்டுக் காலத்திலும் எடுத்தவனும் பறிகொடுத்தவனும் பெரும்பாலும் ஒரே வாசலில் சைக்கிள் நிறுத்தியவர்களாகவே இருந்திருப்பார்கள். மோட்டார்காரனின் விளக்கு காரோடு பொருந்தி வருகிறது. அதை அவன் சட்டையில் மாட்டித் திரிய வேண்டிய நிலை வந்ததில்லை. சைக்கிளுக்கும் வழி இல்லாமல் இல்லை. சில்லின் குடத்துக்குள்ளேயே டைனமோவை வைத்து, விளக்கை ஆணியால் இறுக்கிய சைக்கிள்கள் கடைகளில் நிற்கின்றன. அவற்றின் விலைதான் எங்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. நாங்கள் வாங்குவது மூன்றாம் நான்காம் கை மாறிய சைக்கிள். அதில் வயர் அறுந்தும் விளக்கு கழன்றும்தான் இருக்கும்.

இப்போது எங்கள் குசினியில் உடுப்பு மாற்றும் இடத்தில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கிறது. வேலைக்கு வருபவர்கள் விளக்குகளைக் கழற்றி அதற்குள் போடுகிறோம்; மேலதிகமாக இரண்டு சோடியும் அதில் கிடக்கும். விளக்கைப் பறிகொடுத்தவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போகலாம், மறுநாள் திருப்பி வைக்கலாம். விசா இல்லாதவருக்கு முதலுரிமை. ஏனைய நாடுகளில் இரவு வேலை முடித்துச் சைக்கிளில் திரும்பும் நண்பர்கள் தங்கள் இடத்து நிலைமையையும் எழுத வேண்டும்.